ஏழாவது கோழி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, சின்னவள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் என்ன என்பாய். போனில் நான் கோபப்பட்டால் நீ "உம், உம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் ஊர்க்கதை. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், பால்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர், யாராக இருந்தாலும் சரி, கொல்லையில் ஏழு கோழியைப் பார்த்துவிட்டால் போதும். "இதுல என்ன கிடைக்குது உங்களுக்கு?" நேற்று மீட்டர்காரரிடம் திருப்பிக் கேட்டேன், "நீங்க சாயங்காலமானா சீட்டாடுறீங்களே, அதுல என்ன கிடைக்குது?" மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவனிடம் யாராவது மீன் கிலோ என்ன விலை என்று கேட்கிறார்களா? கோழி என்றால் மட்டும் ஒன்று கூடை, இல்லாவிட்டால் சட்டி. சும்மா பிடித்திருக்கிறது, அதனால் வளர்க்கிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஊர்தான் அப்படி என்றால் உங்கள் கால்நடைத் துறையும் அப்படியா? "வீட்டுக்கோழிக் கணக்கெடுப்புக்கு யாருமே எழுதித் தர மாட்டேங்கறாங்க, நீயாவது குடு அக்கா" என்று கெஞ்சினாயே என்று உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். "வளர்ப்பின் நோக்கம்" என்று போட்டு இரண்டே கட்டம். விற்பனை, இறைச்சி. தலைமை அலுவலகத்தில் அத்தனை பேர் சம்பளம் வாங்குகிறீர்கள், மூன்றாவது கட்டம் ஒருவருக்கும் தோன்றவில்லையா? நானே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, "விருப்பம்" என்று எழுதி டிக் அடித்திருக்கிறேன். பெயர் கேட்கவில்லை; ஆனாலும் எழுதியிருக்கிறேன். மேஸ்திரி, மாமியார், சீமாட்டி, சொட்டை, கணக்குப்பிள்ளை, ஊமைச்சி, வக்கீல்.

வக்கீலுக்கும் உன் மாமாவுக்கும் இன்றைக்கும் பேப்பர் சண்டைதான். அவர் பிரித்தால் அது மேலே ஏறி உட்காருகிறது. ரயிலில் கார்டாக இருந்தபோது இரண்டாயிரம் பேரைக் கட்டி மேய்த்தவர், ஒரு கோழியை இறக்கிவிட முடியாமல் கத்துகிறார். "வேலைவெட்டி இல்லாத கூட்டம்!" என்று என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். சின்னவளுக்கு மட்டும் இரண்டு நாள் இருமல், இப்போது சரியாகிவிட்டது. உனக்கு முழங்கால் எப்படி?

உன் படிவம் வந்தது. பிரிவில் கை மாறிக் கை மாறி எல்லோரும் படித்தார்கள். எங்கள் கண்காணிப்பாளர், "இந்தம்மாவை நாமளே வேலைக்கு எடுத்திருக்கணும்" என்றார். கணினியில் மூன்றாவது கட்டம் இல்லாததால் "விற்பனை" என்று பதிந்துவிட்டார்கள். கோபப்படாதே. முழு முகவரியோடு, சரியான எண்ணிக்கையோடு வந்த படிவம் உங்கள் ஊரிலிருந்து உன்னுடையது ஒன்றுதான்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவளின் இருமல் போனது நிம்மதி. என் முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

விற்பனையா? எந்த மடையன் பதிந்தான்? வாழ்நாளில் ஒரு முட்டை விற்றிருக்கிறேனா நான்? அதை அடிக்கச் சொல், இல்லாவிட்டால் நானே வந்து அடிப்பேன்.

சொட்டைக்குக் கழுத்தில் மறுபடியும் இறகு கொட்டுகிறது. திங்கட்கிழமை நான்கு, செவ்வாய் ஏழு. மாமியார்தான் கொத்துகிறது என்று சந்தேகப்பட்டு இரண்டு நாள் தையல் மிஷினை ஜன்னலோரம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தால் கொத்துவது சீமாட்டி! இத்தனை நாள் பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இதைப் பற்றி இரண்டு பக்கம் தனியாக எழுதி இதோடு இணைத்திருக்கிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் எழுது.

இன்னொன்று. ஊர் எல்லையில் இருக்கும் பெரிய பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுவதாகப் பேச்சு. பக்கத்து வீட்டுப் பெண் அங்கேதான் முட்டை அடுக்குகிறாள். ஒரு வாரமாக உள்ளே விடவில்லையாம். உனக்கு ஏதாவது தெரியுமா? நான் என்ன செய்ய வேண்டும்? உடனே எழுது.

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே நல்ல மழை. அலுவலகத்தில் வேலை அதிகம்.

சொட்டை பற்றி எழுதியதைப் படித்தேன். கோழிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றனவா? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

பிப்ரவரி 24

தம்பிக்கு,

உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

பத்தொன்பதாம் தேதி காலையில் வந்தார்கள். ஆறு பேர், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடி, கையுறை. பண்ணையில் நோய் உறுதியாகிவிட்டதாம். அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டத்தில் ஒரு கோழி, ஒரு வாத்து இருக்கக் கூடாதாம். கையில் பட்டியல் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் அவர்கள் தட்டிய முதல் கதவு என்னுடையது. ஏன் தெரியுமா? படிவம் எழுதிக் கொடுத்த உத்தமி நான் ஒருத்திதான்! மூலை வீட்டு மெக்கானிக் முப்பது வளர்க்கிறார். பேச்சு கிளம்பிய அன்றே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி மச்சினன் ஊருக்கு அனுப்பிவிட்டார். அவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

மேஸ்திரிதான் முதலில் போனது. புது ஆள் வந்தால் வேலை வாங்க ஓடுமே, அப்படி அவர்களைத் தேடிப் போய் நின்றது. ஊமைச்சி கடைசியில் கத்தியது. நான்கு வருடத்தில் அதன் குரலை அன்றுதான் கேட்டேன். நோய் இருக்கிறதா என்று ஒன்றையாவது தூக்கிப் பார்த்தார்களா? இல்லை. "வட்டத்துக்குள்ள வந்துடுச்சும்மா" என்றார் ஒருவர். கிருமிக்கு வட்டம் தெரியுமா? மருந்து அடித்துவிட்டு, தொண்ணூறு நாள் எதுவும் வளர்க்கக் கூடாது என்று கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தக் காகிதத்தை நான்கு நாளாகப் படிக்கிறேன். ஆணை தேதி பிப்ரவரி 13. கீழே "தயாரித்தவர்" என்ற இடத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. அந்தக் கோணல் சுழியை எனக்குத் தெரியாதா?

பதின்மூன்றாம் தேதி ஆணை தயாரித்தாய். பதினைந்தாம் தேதி உட்கார்ந்து, "கோழிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றனவா" என்று எனக்கு எழுதினாய். எப்படியடா மனசு வந்தது?

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டு, படித்து முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கையெழுத்து என்னுடையதுதான். வரைபடத்தில் வட்டம் போட்டதும் நான்தான். போட்டு முடித்த பிறகுதான் உன் தெரு உள்ளே இருப்பதைப் பார்த்தேன். இரண்டரை கிலோமீட்டர். உனக்குச் சொல்லியிருந்தால் கூடையில் போட்டு எங்கேயாவது கொண்டு போயிருப்பாய், கூடவே நோயும் போயிருக்கும் என்று பயந்தேன். அதனால்தான் எழுதவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே கூடாது. மனசு கேட்காமல் விசாரித்தேன், வேறொன்றுமில்லை. மெக்கானிக்கின் கோழிகளை அவர் மச்சினன் ஊரிலேயே போய் எடுத்துவிட்டார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். குழுவின் பதிவேடு என் மேஜைக்கு வந்திருக்கிறது. "படிவத்தில் ஏழு. கைப்பற்றியது ஆறு. ஒன்றைச் சென்ற வாரம் பருந்து தூக்கிச் சென்றதாக வீட்டார் கூறினர்."

பதினோரு இறகு கொட்டியதற்கு எனக்கு இரண்டு பக்கம் தனியாக எழுதியவள் நீ. ஒரு முழுக் கோழியைப் பருந்து தூக்கியிருந்தால் பருந்தின் மேல் வழக்கே போட்டிருப்பாய். ஒரு வரி எழுதவில்லை. உன் கடிதத்தில் வக்கீல் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

அக்கா, வக்கீல் எங்கே?

தம்பி

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? போன் அடித்தால் மாமா எடுத்து, "அவ தைச்சுக்கிட்டு இருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தொண்ணூறு நாள் என்பது மே இருபது. அதுவரை வட்டத்துக்குள் எங்கேயும் நோய் தெரியாவிட்டால் பண்ணையைத் திறப்பார்கள். ஒரு கோழியில் தெரிந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். பார்க்க நன்றாக இருக்கும் கோழியும் கிருமியைச் சுமக்கலாம். இதைத் துறைக்காரனாக எழுதவில்லை. சரி, துறைக்காரனாகவும்தான் எழுதுகிறேன். பதில் போடு.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் கொதிக்கிறது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, எல்லார் மேலும்.

வக்கீல் இங்கே இருக்கிறது. ஒளித்தது நான் என்றுதானே நினைத்தாய்? உன் மாமா!

அன்றைக்கு அவர்கள் எண்ணிவிட்டு, "ஆறுதான் இருக்கு, ஏழாவது எங்க?" என்று கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "போன வாரம் பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு சார்" என்றார். முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டி இரண்டு நிமிஷம் தாமதம் என்றால் இரண்டு நிமிஷம் என்று எழுதுகிற ஆள். அவர்களும் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானம் பார்த்தால், பின்பக்கத்துப் பழைய குளியலறையில் நான் வெட்டுத்துணி மூட்டை போட்டு வைக்கும் இடத்தில் வக்கீல் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே அன்றைய பேப்பரை விரித்திருக்கிறார். இவர் இன்னும் படிக்காத பேப்பர்! "வேலைவெட்டி இல்லாத கூட்டம்னு திட்டுவீங்களே?" என்று கேட்டேன். "அதுக்கு?" என்றார். அவ்வளவுதான்.

ஆறு வாரமாக அது ஒரு தும்மல் போடவில்லை. நன்றாகத் தின்கிறது, நன்றாகச் சண்டை போடுகிறது. நோயைக் கொண்டுவந்தது பல்லாயிரம் கோழியைத் தகரக் கொட்டகையில் நெருக்கி அடைத்த பண்ணை. அதற்கு என் கோழி ஏன் பொறுப்பு ஏற்க வேண்டும்? முதலில் சோதனை செய்யட்டும். நோய் இருந்தால் நானே கொடுக்கிறேன். இல்லாவிட்டால் விட்டுவிடட்டும். இதில் என்ன அநியாயம் கேட்டுவிட்டேன்?

இவ்வளவும் எழுதிவிட்டு, இதையும் எழுதாமல் இருந்தால் நானும் உன்னைப் போலத்தான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண், மகளின் பள்ளிக்கூடப் பாவாடையை நீளம் இறக்கித் தரச் சொல்லி வந்தாள். புதுசு எடுக்கவில்லையா என்று கேட்டேன். "பண்ணை தொறக்கட்டும்க்கா. இன்னும் அம்பத்தி மூணு நாள்" என்றாள். விரலில் எண்ணி வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் குளியலறையிலிருந்து வக்கீல் நன்றாக நீட்டி முழக்கிக் கொக்கரித்தது. கோழிகளோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள், அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்த்தாள். "வரேங்க்கா" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளோடு சண்டையாவது போட்டிருப்பேன்.

என்ன செய்யலாம் என்று நீயே சொல். உன் துறைக்குச் சொல்லிவிடுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பதே இப்போதைக்குப் போதும்.

பெயர் சொல்லாமல் இயக்குநரிடம் கேட்டேன். வட்டத்துக்குள் தப்பிய ஒரு கோழி இருந்தால், சோதனை செய்து, நோய் இல்லாவிட்டால் விட்டுவிடலாமா என்று. "அப்படி விதி இல்லை" என்றார். விதியை மாற்றக் குறிப்பு எழுதட்டுமா என்றேன். எழுதுங்கள் என்றார். எழுதியிருக்கிறேன். அது நகர்வதற்குள் இரண்டு மே மாதம் போய்விடும். சாம்பிள் எடுப்பார்கள், ஆனால் எடுத்த பிறகு கோழி இருக்காது.

நான் சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். பருந்து என்ற வார்த்தையைப் படித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதமாகச் சொல்லவில்லை. தினமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். நீ, மாமா, நான், மூன்று பேர் சேர்ந்து ஒரு கோழியை ஒளித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண்ணையும் சேர்த்தால் நான்கு.

நான் சொல்லப் போவதில்லை. நீங்களாகச் சொன்னால் ஒளித்ததாக எழுத மாட்டார்கள், "திரும்பக் கிடைத்தது" என்று எழுதிக்கொள்வார்கள். அதையும் கேட்டுவிட்டேன். மாமாவிடம் நான் பேசட்டுமா?

தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

நீ பேச வேண்டாம் என்று நானே பேசினேன். பேசினேன் என்றால் கத்தினேன். அவரும் கத்தினார். "அவங்க சொன்னா குடுத்துடறதா? நீ என்ன மனுஷி?" என்று என்னைக் கேட்டார். என்னை! இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கால்நடை மருந்தகத்துக்குப் போய், "எங்க வீட்டுல ஒன்னு இருக்கு, நான்தான் மறைச்சு வச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "திரும்பக் கிடைத்தது" என்று எழுதிக்கொள்வதாக அவர்கள் சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. மறைத்தது என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நேற்று காலையில் வந்தார்கள், இந்த முறை இரண்டே பேர். வக்கீலைப் பிடிக்கக் குளியலறைக்குள் போனவரை அது கொத்தித் துரத்திவிட்டது. கடைசியில் உன் மாமாதான் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போய் எடுத்துவந்தார். அவர் கையில் அது ஒரு சத்தம் போடவில்லை. அவர் கொடுக்கவும் இல்லை. "நான் பிடிச்சுக்கறேன், நீங்க ஊசியப் போடுங்க" என்றார். முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார்.

உங்கள் துறையை நான் மன்னிக்கவில்லை. விதி இல்லையாம்! கொல்வதற்குப் பதினெட்டு விதி வைத்திருப்பவர்களுக்கு, விடுவதற்கு ஒன்றுகூட இல்லையா? ரிசல்ட் வந்தால் அன்றைக்கே எழுது. மழை பெய்கிறது, வேலை அதிகம் என்று எழுதினாயோ, தெரியும்.

அக்கா

ஏப்ரல் 27, காலை பதினொன்று

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தரைக்கு வந்தது. வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நோய் இல்லை. கிருமி இருந்து போன அடையாளம்கூட இல்லை. முழு ஆரோக்கியமான கோழி. தொண்ணூறு நாள் கணக்கு மாறாது, பண்ணை மே இருபது திறக்கும்.

இதற்கு மேல் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மாமாவிடம் நீயே சொல்லிவிடு.

தம்பி

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாப்பாடு, தூக்கத்துக்குக் குறையில்லை.

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. படித்ததும் வந்த கோபத்தில் ஒரு சட்டையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். முழு ஆரோக்கியமான கோழி! அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது, நான் ஜன்னலிலிருந்தே சொன்னேன். ஆனாலும் அரை மணி நேரத்தில் எழுதினாயே, அதற்காக உன் மேல் இருந்ததில் பாதிக் கோபம் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தேதி மாறாது என்று மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உன் மாமா தினமும் காலையில் கேட்கிறார், "தம்பிகிட்டேருந்து ரிசல்ட் வந்துச்சா?" என்று. நோய் இருந்தது என்று வந்துவிட வேண்டும் என்று காத்திருக்கிறார். அப்படி வந்தால், தான் போய்ச் சொல்லிக் கோழியைக் கொடுத்தது சரி என்று ஆகிவிடும் இல்லையா? முதல் நாள் "இன்னும் வரலை" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். இதோடு எட்டு நாள் ஆகிவிட்டது. உன் கடிதத்தை நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, "ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று அவரை விசாரிக்கிறேன். கொஞ்சமும் தடுமாறாமல் வருகிறதடா வாயில். உன்னைத் திட்டி நான் எழுதியதையெல்லாம் நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது. மீதிப் பாதிக் கோபத்தை இனி யார் மேல் வைப்பது?

நாளைக்குக் காலையில் கட்டாயம் சொல்லிவிடுவேன். நேற்றும் இப்படித்தான் நினைத்தேன்.

அக்கா